பர்னிச்சருக்குப் பன்மை இல்லையா?

கம்பெனிகள் ஆள் தேடி வளாகத்துக்குள் வரும் காலம் நெருங்கிவிட்டால், நம் தமிழ் மாணவர் அறைகளில் ஒரு விசித்திரமான விவாதம் தொடங்கிவிடுகிறது. விண்ணப்பத்தில் 'எக்விப்மெண்ட்ஸ்' என்று எழுதலாமா, அல்லது 'எக்விப்மெண்ட்' என்று நிறுத்திக்கொள்ள வேண்டுமா? 'ஸ்டாஃப் இஸ்' சரியா, 'ஸ்டாஃப் ஆர்' சரியா? ஒருவர் 'இன் தி ஆபீஸ்' இருக்கிறாரா, 'அட் தி ஆபீஸ்' இருக்கிறாரா? நான்கு ஆண்டுகளாகக் கணிதத்தில் புலியென விளங்கியவரும் இந்தக் கேள்விகளுக்கு முன்னே பூனையாகிவிடுகிறார்.

வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இண்டர்வியூவுக்கு முன்னோடியாகக் குழு விவாதம் ஒன்று நடக்கிறதே, அதை ஒரு முறை கூர்ந்து கவனியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்று, அகில இந்தியத் தேர்வில் வென்று இங்கு வந்து சேர்ந்தவர்தாம் அந்தக் கூட்டத்தில் மிகக் குறைவாகப் பேசுகிறார். சொல்வதற்கு அவரிடம் சரக்கு இல்லாமலா? இல்லை. சொல்லின் வாலில் ஓர் 'ஸ்' சேர்ப்பதா வேண்டாமா என்ற ஐயம் அவர் வாயை அடைத்துவிடுகிறது. முதலாண்டில் எவரோ ஒருவர் அவருடைய 'பர்னிச்சர்ஸ்' என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பு மூன்று ஆண்டு கழித்தும் அவர் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. வேலை போவது பர்னிச்சரால் அன்று, பேசாமல் இருந்ததால்.

இந்த நோய்க்கு இரண்டு வகை வைத்தியர் நம்மிடையே உண்டு. 'தமிழை மறந்துவிடு, ஆங்கிலத்திலேயே சிந்தித்துப் பழகு' என்பார் ஒரு சாரார். 'ஆங்கிலம் இப்போது எல்லாருக்கும் பொது. இலக்கணம் யாருக்கு வேண்டும்?' என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியிலும் எனக்கு இடமில்லை. உத்தியோக உலகத்துச் சொற்களில் நம்மவரை வாட்டும் ஒருமை, பன்மை, பிரிபொசிஷன் ஐயங்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை தமிழிலேயே கிடைக்கிறது என்பது என் கட்சி. தமிழை மறந்தால் அந்த விடையும் சேர்ந்து மறந்துபோகும்.

'பர்னிச்சர்' விவகாரத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். நாற்காலி, மேசை, பீரோ எல்லாம் கண்ணெதிரே எண்ணத்தக்க பொருள்கள். அவற்றின் தொகுதிக்கு மட்டும் பன்மை ஏன் இல்லை என்று கேட்கிறோம். நம் வீட்டில் 'நகைநட்டு' என்கிறார்களே, அதை எண்ணிப் பாருங்கள். 'ஐந்து நகைநட்டு' என்று எந்தத் தாயாவது சொல்லக் கேட்டதுண்டா? 'மூன்று துணிமணி' என்று எவரும் கடையில் கேட்பதில்லை. பெரிய மனிதர் ஒருவருக்கு 'ஆளம்பு' இருக்கிறது என்கிறோம். 'ஏழு ஆளம்பு' இருப்பதாகச் சொல்வதில்லை. வளையல் எண்ணக்கூடியது, வேட்டி எண்ணக்கூடியது, ஆள் எண்ணக்கூடியவன். தொகுதிக்குப் பெயர் வைத்தவுடன் எண்ணிக்கை அதன் அருகில் வர மறுக்கிறது. ஆங்கிலத்தின் பர்னிச்சர், எக்விப்மெண்ட், லக்கேஜ், ஸ்டேஷனரி ஆகியவை இந்த நகைநட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஸ்டாஃப் என்பதோ சாட்சாத் ஆளம்பு. ஆகவே 'வி ஹாவ் டென் ஸ்டாஃப்ஸ்' என்று எழுதக் கை போகும்போது, 'எங்களிடம் பத்து ஆளம்புகள் உண்டு' என்று ஒரு தடவை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் போதும். சிரிப்பு வரும், கையும் நின்றுவிடும். பத்து ஆள் என்பதற்கு 'டென் மெம்பர்ஸ் ஆஃப் ஸ்டாஃப்' என்பார்கள். பல கல்லூரிகளின் ஆசிரியர் குழுக்களைத் தனித்தனியாகச் சுட்டும்போது மட்டும் 'ஸ்டாஃப்ஸ்' என்பதும் சரியே.

அப்படியானால் தமிழன் ஏன் இந்தத் தவறைச் செய்கிறான்? தமிழின் குணத்தால் என்று நம் ஆசிரியர்கள் சொல்வதுண்டு. எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. தமிழில் அஃறிணைப் பெயருக்குக் 'கள்' விகுதி கட்டாயமில்லை. 'மாடு வந்தது' என்றால் ஒன்று, 'மாடு வந்தன' என்றால் பல, மாடு மாறவில்லை. நன்னூலார் இதற்குப் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்று அழகான பெயரே வைத்திருக்கிறார். இன்றும் பத்து ரூபாய் என்கிறோமேயன்றிப் பத்து ரூபாய்கள் என்பதில்லை. இப்படிப் பழகிய பிள்ளை ஆங்கில வகுப்புக்குப் போனதும் 'டென் ருப்பீ', 'த்ரீ சேர்' என்று எழுதுகிறான். ஆசிரியர் காதைத் திருகுகிறார். இரண்டு மூன்று ஆண்டு திருகல் வாங்கிய பிறகு, எதற்கும் ஓர் 'ஸ்' போட்டு வைப்பதே காதுக்குப் பாதுகாப்பு என்ற முடிவுக்கு அவன் வந்துவிடுகிறான். 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'ஃபீட்பேக்ஸ்', 'சாஃப்ட்வேர்ஸ்' எல்லாம் அச்சத்தில் பிறந்த குழந்தைகள். தமிழைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

வேண்டிய இடத்தில் 'ஸ்' விட்டுப்போகும் வழக்கம் ஒன்றும் உண்டு. 'ஒன் ஆஃப் மை கொலீக்' என்று எத்தனை கடிதங்களில் பார்க்கிறோம்! தமிழில் 'என் நண்பனில் ஒருவன்' என்று எவனாவது சொல்வானா? 'நண்பர்களில் ஒருவன்' என்றுதானே வாய் தானாகச் சொல்லுகிறது? பலரிலிருந்துதான் ஒருவரைப் பிரிக்க முடியும். அனுபவம் என்ற சொல்லும் அப்படித்தான். 'எனக்கு மூன்று ஆண்டு அனுபவம் உண்டு' என்று வேலை கேட்கிறோம். ஓய்வு பெற்ற பிறகு 'என் அனுபவங்கள்' என்று புத்தகம் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் 'எக்ஸ்பீரியன்ஸ்', 'எக்ஸ்பீரியன்சஸ்' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விண்ணப்பத்தில் 'எக்ஸ்பீரியன்சஸ்' என்று எழுதியவர் வேலை கேட்கவில்லை, சுயசரிதை எழுதத் தொடங்கியிருக்கிறார்!

ஆனால் எது எண்ணத்தக்கது, எது தகாதது என்பதற்கு ஆங்கிலத்தில் பெரிய தர்க்கம் ஒன்று இருப்பதாக எண்ணி மயங்க வேண்டாம். பிரெஞ்சுக்காரனுக்கு 'இன்ஃபர்மேஷன்' பன்மை ஏற்கும் சொல். ஒரு நாற்காலியை 'ஒரு பர்னிச்சர்' என்ற பொருளில் ஒரே சொல்லால் சொல்லவும் அவன் மொழியில் வழியுண்டு. ஆகவே ஆங்கிலம் எழுதும் பிரெஞ்சு மாணவனும் நம்மைப் போலவே இடறுகிறான். ஆங்கிலமே காலத்துக்குக் காலம் மாறியும் இருக்கிறது. மைக்கேல் ஃபாரடே தம் மின்சார ஆராய்ச்சிகளை 1839 முதல் 1855 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்; அவற்றின் தலைப்பில் 'ரிசர்ச்சஸ்' என்று பன்மைதான் இருக்கிறது. இன்று நம் ஆய்வு மாணவர் ஒருவர் அப்படி எழுதினால் திருத்துவார்கள். 'பீஸ்' என்று பட்டாணிக்கு ஒருமையாக இருந்த பழஞ்சொல்லின் முடிவில் 'ஸ்' போன்ற ஒலி கேட்டதால், ஆங்கிலேயர் அதைப் பன்மையென்று எண்ணிவிட்டார்கள். வாலை வெட்டிப் 'பீ' என்று ஒரு புதிய ஒருமையும் செய்துகொண்டார்கள். தவறு செய்தவர்கள் ஏராளமாக இருந்தால் தவறு இலக்கணமாகிவிடும் போலும்! நிரல் எழுதுவோர் 'கோட்' என்பதைப் பன்மையாக்குவதில்லை. பௌதிகத் துறையிலோ பெருங்கணக்குகளைச் செய்யும் நிரல்களைக் 'கோட்ஸ்' என்று தாராளமாக எழுதுகிறார்கள். ஒரே வளாகத்தில், ஒரு கட்டடம் தள்ளிப் போனால் இலக்கணம் மாறுகிறது. இதைத் தெரிந்துகொண்டவனுக்கு விதி தெரியும். விதியைக் கண்டு நடுங்கவும் மாட்டான்.

'ஸ்டாஃப் இஸ்', 'ஸ்டாஃப் ஆர்' என்ற சண்டைக்கும் தமிழில் தீர்ப்பு உண்டு. 'குழு கூடியது' என்கிறோம். 'குழுவினர் கூடினர்' என்றும் சொல்கிறோம். முன்னதில் குழு ஓர் உருவம். பின்னதில் அதிலுள்ள மனிதர் நம் கண்முன் நிற்கிறார்கள். அமெரிக்கர் பெரும்பாலும் முதல் வழியில் சொல்வார்கள். பிரிட்டிஷார் இரண்டு வழிக்கும் இடம் கொடுப்பார்கள். கமிட்டி ஒருமனதாக முடிவு செய்தால் 'ஹாஸ்', தமக்குள் அடித்துக்கொண்டால் 'ஆர் டிவைடட்'. 'போலீஸ்' மட்டும் இரு நாட்டிலும் பன்மை. அதனோடு வாதம் செய்து பயனில்லை.

அடுத்து, பெயரோடு பெயர் சேரும் தொகைகள். புத்தகக் கடையில் ஒரு புத்தகமா இருக்கிறது? ஆயினும் 'புத்தகங்கள் கடை' என்று நாம் சொல்வதில்லை. தொகையாகச் சேரும்போது பன்மை விகுதியும் உருபும் உதிர்ந்துவிடுகின்றன. ஆங்கிலத்திலும் 'ஷூ ஷாப்', 'டிக்கெட் கவுண்டர்' என்று இதே நெறி நடக்கிறது. 1951-இல் தொடங்கி 2017 வரை நம் நாட்டில் நடந்தவை 'ஐந்தாண்டு'த் திட்டங்கள். 'ஐந்தாண்டுகள் திட்டம்' அல்ல. ஆங்கிலத்திலும் 'ஃபைவ் இயர் பிளான்'தான், 'இயர்ஸ்' அன்று. 1985-இல் பெயர் பெற்று, 2020-இல் மீண்டும் கல்வி அமைச்சகமாக மாறிய மத்திய அமைச்சகத்தின் பழைய பெயரை நினைத்துப் பாருங்கள்: 'ஹ்யூமன் ரிசோர்ஸ் டெவலப்மெண்ட்'. அங்கே ரிசோர்ஸ் ஒருமை. கம்பெனிகளில் அதே சொல் தனித்து நின்று துறையின் பெயராகும்போது 'ஹ்யூமன் ரிசோர்சஸ்' ஆகிவிடுகிறது.

விலக்கு இல்லையா என்றால், உண்டு. அதிலும் காரணம் உண்டு. கூட்ஸ் வண்டியிலிருந்து 'ஸ்' என்ற ஒலியை எடுத்துவிட்டால் அது 'நல்ல வண்டி' ஆகிவிடும். கஸ்டம்ஸ் அதிகாரியின் 'ஸ்' போனால் அவர் சுங்கத்தை விட்டு வழக்கத்துக்கு அதிகாரியாகிவிடுவார். பன்மையில் பொருளே வேறாகிவிட்ட சொற்கள் தொகையிலும் தம் 'ஸ்' ஒலியை விடுவதில்லை. 'வொர்க்' என்பது வேலை. 'வொர்க்ஸ்' என்றால் தொழிற்சாலையும் ஆகும். 1950-இல் ரயில் எஞ்சின் செய்யத் தொடங்கிய சித்தரஞ்சன் லோகோமோடிவ் வொர்க்ஸ் ஒரே தொழிற்சாலைதான். சேவிங்ஸ் பாங்க், அக்கவுண்ட்ஸ் பிரிவு, சேல்ஸ் மேனேஜர் ஆகியவற்றையும் இவ்வரிசையில் வைக்கலாம். கடைசி இரண்டுக்கும் காரணம் சொல்லப் புகுந்தால் வாதம் நீளும். பழக்கம் என்று விட்டுவிடுவோம்.

இனிப் பிரிபொசிஷன். இங்கேதான் நம்மவர் முற்றிலும் நிராயுதபாணியாக நிற்பதாக எண்ணுகிறார்கள். 'அலுவலகத்தில், மேசையில், பதவியில், விடுமுறையில் எல்லாவற்றுக்கும் நமக்கு ஓர் 'இல்' போதும். ஆங்கிலேயனுக்கு ஏன் இன், ஆன், அட் என்று மூன்று?' என்று குறைப்படுகிறார்கள். நன்னூலைப் புரட்டினால் ஏழாம் வேற்றுமைக்கு இருபத்தெட்டு உருபுகளை அடுக்கி வைத்திருக்கிறார் பவணந்தியார்! உள், மேல், கீழ், முன், பின், புறம், இடை எல்லாம் அதில் அடக்கம். நாம் சோம்பி ஓர் 'இல்'லோடு நிறுத்திக்கொண்டோம். இன்றும் வேண்டும்போது பெட்டிக்குள் என்றும் மேசைமேல் என்றும் சொல்லத்தான் செய்கிறோம். 'உள்' என்று விரித்துச் சொல்லத் தோன்றினால் இன். 'மேல்' என்று தோன்றினால் ஆன். உள்ளும் மேலும் பொருட்டாகாமல் 'அந்த இடத்தில்' என்று புள்ளி வைத்துக் காட்டினால் அட். வடக்கே வந்த நமக்கு இன்னொரு துணையும் இருக்கிறது. மெஸ்ஸில் நாள்தோறும் கேட்கும் இந்தியில் 'கர் மே' என்றால் வீட்டுக்குள். 'கர் பர்' என்றால் வீட்டில் இருக்கிறார், அவ்வளவே. 'அட் ஹோம்' என்பதன் நேர் உறவினர் இந்த 'கர் பர்'. இரண்டு ஆண்டு இங்கே இருந்தவர் அந்த வேறுபாட்டைத் தாமறியாமலே கற்றுக்கொண்டுவிட்டார்.

ஆகவே 'மேனேஜர் எங்கே?' என்றால் 'அட் தி ஆபீஸ்'. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார் என்றால் 'இன் தி ஆபீஸ்'. 'தி' என்பதை விட்டு 'இன் ஆபீஸ்' என்று ஒரு மந்திரியைச் சொன்னால், அவர் பதவியில் இருக்கிறார் என்று பொருள். அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அவர் 'இன் ஆபீஸ்'தான். 'கோயிங் டு ஆபீஸ்' என்று நாம் சொல்வதைக் கண்டு முகம் சுளிப்பவர் உண்டு. 'கோயிங் டு ஸ்கூல்' என்று அவர்களே 'தி' இல்லாமல் சொல்கிறார்கள்; பள்ளிக்குத் தந்த சலுகையை ஆபீசுக்குத் தர மறுக்கிறார்கள். விண்ணப்பத்தில் அவர்கள் வழக்கப்படி எழுதிவிடுங்கள்; பேச்சில் வந்துவிட்டால் பாதகமில்லை.

ஸ்டாஃப், போர்டு, கமிட்டி, பேரோல் ஆகியவற்றுக்கு 'ஆன்' வரும். இவற்றிலெல்லாம் ஒரு பட்டியலின் மேல் நம் பெயர் எழுதப்படுகிறது என்று நான் நினைவு வைத்துக்கொள்கிறேன். இது நினைவுக்கு ஒரு முடிச்சுதானேயன்றிச் சொல்லின் வரலாறு அன்று. டிபார்ட்மெண்டுக்கு 'இன்'. டீமுக்கு பிரிட்டனில் 'இன்', அமெரிக்காவில் 'ஆன்'. இந்த ஒன்றுக்காக இரவு பன்னிரண்டு மணி வரை சண்டையிட்ட இருவரை நான் அறிவேன். இருவரும் சரியே.

தமிழ் எங்கும் கைகொடுக்கும் என்று நான் சாதிக்கவில்லை. 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னால் நாம் 'அபௌட்' சேர்ப்பதற்குத் 'திட்டத்தைப் பற்றி விவாதித்தோம்' என்ற நம் வாக்கியமே காரணம். அங்கே 'பற்றி'யைத் துறந்து 'திட்டத்தை விவாதித்தோம்' என்று இரண்டாம் வேற்றுமையோடு நிறுத்தினால் ஆங்கிலமும் திருந்தும். 'ரிக்வெஸ்ட்', 'ஆர்டர்' ஆகியவை வினையாக நின்றால் 'ஃபார்' வேண்டா; பெயராக நின்றால் வேண்டும். இதற்குப் பயிற்சிதான் வழி.

'இலக்கணம் யாருக்கு வேண்டும்' என்ற மற்றைய கட்சிக்கும் ஒரு வார்த்தை. 'வார்டன் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ்' என்றால் மாணவர் வார்டன் பொறுப்பில் இருக்கிறார்கள். நடுவில் ஒரு சிறு 'தி' புகுந்து 'இன் தி சார்ஜ் ஆஃப்' ஆகிவிட்டால், வார்டன் மாணவர் பொறுப்பில் வந்துவிடுவார்! ஒரு கிடங்கின் சாவி யாரிடம் இருந்தது என்று விசாரணை நடக்கும்போது இந்தத் 'தி' ஒருவருடைய உத்தியோகத்தைக் குடித்துவிடும். 'டேமேஜ்' என்றால் சேதம். 'டேமேஜஸ்' என்றால் சட்டத்தில் நஷ்டஈடு. ஒப்பந்தக் கடிதத்தில் இவ்விரண்டையும் குழப்பியவருக்கு 'ஆங்கிலம் எல்லாருக்கும் பொது' என்ற சமாதானம் கோர்ட்டில் உதவாது. எங்கே பொருள் மாறுகிறதோ அங்கே கண்டிப்பு வேண்டும்; எங்கே காதுக்கு மட்டும் உறுத்துகிறதோ அங்கே பொறுமை வேண்டும். நம் வளாகத்தில் நடப்பது தலைகீழ். 'பர்னிச்சர்ஸ்' என்றவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். 'இன் தி சார்ஜ்' என்று எழுதியவனைக் கவனிப்பதுகூட இல்லை.

நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் விழா நடத்துகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது, மகிழ்ச்சியே. கம்பெனிகள் வருமுன் ஆறு சனிக்கிழமை மாலைகளை இதற்கென ஒதுக்கினால் என்ன? ஆங்கில விண்ணப்பங்களையும் கடிதங்களையும் கரும்பலகையில் எழுதி, தமிழில் பேசி, தமிழ் இலக்கணத்தைத் துணைக்கு அழைத்து, தவறுகளை ஆராயலாம். நன்னூல் படித்த தமிழ் இலக்கிய மாணவர் நம்மிடையே சிலர் உண்டு. வேலைக்குப் போய்வந்த மேல்வகுப்பு அண்ணன்மார், அக்காமாரும் உண்டு. இவர்கள் இதுவரை ஒரே மேசையில் அமர்ந்ததில்லை. ஆங்கிலத்தைத் தமிழில் கற்பிப்பதா என்று எவரேனும் ஏளனம் செய்தால், அவரையும் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைக்கலாம். முதல் மாலைக்கு என் விண்ணப்பத்தையே பலகையில் எழுதிக்கொள்ளச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். இடம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. நூலகத்துக்குப் பின்னாலுள்ள சிறிய அறையைக் கேட்டிருக்கிறார்கள்.